சிவப்புக் காரின் பின்கண்ணாடியும் இன்ஷாப் நானாவின் வாயும்

கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி வருகிற பஸ்கள் எல்லாம் இன்ஷாப் நானாவின் கடைக்கு முன்னால் கொஞ்சம் வேகம் குறைக்கும். மரியாதையால் அல்ல. அந்த இடத்தில் ரோட்டில் ஒரு குழி இருக்கிறது. ஆனாலும் இன்ஷாப் நானா அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டு, உள்ளேயிருந்து கையைத் தூக்கிப் பதில் மரியாதை செய்வார்.

சொந்த ஊர் மடவளை. தொழில், வாகனங்களுக்குக் கண்ணாடி மாட்டுவது. பஸ், வான், லொறி எல்லாம் வரும் என்றாலும் அதிகம் வருவது ஆட்டோதான். கண்டியில் ஓடுகிற ஆட்டோக்களில் பாதிக்கு முன்கண்ணாடி தன் கைபட்டது என்பார். மற்றப் பாதி இனித்தான் உடைய வேண்டும் என்பார்.

கடைக்கு ஒரு சட்டம் உண்டு. கண்ணாடி எப்படி உடைந்தது என்று சொல்லாதவரின் வண்டியில் அவர் கை வைக்கமாட்டார். "எப்படி ஒடஞ்செண்டு சொன்னாத்தான் பிரேம் எந்தப் பக்கம் கோணி ஈக்கிண்டு எனக்கு வெளங்கும்" என்பது அவர் சொல்லும் காரணம். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, கதை கேட்காவிட்டால் அவருக்கு மத்தியானச் சோறு இறங்காது. கேட்ட கதையும் அவரிடம் தங்காது. அடுத்த வாடிக்கையாளரோடு ஏறிப் போய்விடும். டொக்டரிடம் சொன்னது டொக்டரோடு, இன்ஷாபிடம் சொன்னது வத்தேகம பஸ்ஸோடு என்று ஊரில் ஒரு பேச்சே இருந்தது. சொந்த வீட்டுக் கேற்றில் பின்பக்கமாகப் போய் மோதிய பள்ளிக்கூட அதிபர் யார், அயல்வீட்டுக்குக் கொடுக்க மனமில்லாமல் மரத்திலேயே விட்டுவைத்த பலாப்பழம் தன் வானின் மேலேயே விழப்பெற்றவர் யார் என்பதெல்லாம் கண்டிக்குத் தெரிந்தது இப்படித்தான். ஆனால் யாரும் கடையை மாற்றவில்லை. தன் கதை வெளியே போகும் என்பதைவிட, மற்றவன் கதை உள்ளே கிடைக்கும் என்பது பெரிதாக இருந்தது.

இப்படிப்பட்டவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அம்பிட்டியவிலிருந்து போன் வந்தது.

"நானா, நான் இராமகிருஷ்ணன் பேசுறேன். பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"ஒருத்தரும் இல்ல மொதலாளி. சொல்லுங்க."

பக்கத்தில் மூன்று ஆட்டோக்காரரும், தேத்தண்ணி கொண்டுவந்தவரும் இருந்தார்கள். நான்கு பேரும் காதைத் தீட்டினார்கள்.

"போன்ல வேணாம். நேரா வீட்டுக்கு வாங்க."

இராமகிருஷ்ணன் கண்டி நகரத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். ஆணி, கம்பி, பெயின்ற் என்று அடக்கமாக வியாபாரம் செய்தவர், ஐம்பது வயது தாண்டியதும் திடீரென்று ஒரு இத்தாலிக் கார் வாங்கினார். கொழும்பில் யாரோ ஓட்டி அலுத்துப்போய் விற்ற வண்டி. தரையோடு தரையாக, சப்பாத்து மாதிரி இருக்கும். இரண்டே பேர் இருக்கலாம். அதன் பெயரைக் கண்டியில் ஒருவர் சொன்ன மாதிரி இன்னொருவர் சொல்லவில்லை. ஆகவே எல்லோரும் 'அந்தச் சிவப்பு' என்றே சொல்லிக்கொண்டார்கள். அம்பிட்டிய ஏற்றத்தில் அது உறுமிக்கொண்டு ஏறினால் மரத்துக் குரங்குகள்கூட வேலையை விட்டுவிட்டுப் பார்க்கும்.

அந்தச் சிவப்புக்குத்தான் ஏதோ ஆகியிருக்கிறது என்று போனை வைக்கும்போதே இன்ஷாப் நானாவுக்கு விளங்கிவிட்டது. கடையை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினார். அந்த அவசரத்துக்குக் காரணம் அவருடைய மச்சான் முஹ்ஸின்.

முஹ்ஸின், மனைவி ஹபீலாவின் தம்பி. அவருக்கும் கண்ணாடிக் கடைதான். ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஏசி போட்டு, தானாகத் திறக்கிற கதவு வைத்த கடை. கல்யாண வீடோ, கத்தம் ஓதுகிற வீடோ, சஹன் என்கிற பெரிய சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தால் போதும், முஹ்ஸின் ஆரம்பித்துவிடுவார்: "மச்சான் ஆட்டோக்கு, நான் காருக்கு. குடும்பத்துக்குள்ள தொழிலப் பிரிச்சாச்சு." எல்லோரும் சிரிப்பார்கள். இன்ஷாப் நானாவும் சிரிப்பார். இறைச்சி மட்டும் தொண்டையில் நிற்கும்.

அம்பிட்டியவில் வீட்டுக்குப் பின்னால், தார்ப்பாய் போட்டு மூடி, கார் நின்றது. இராமகிருஷ்ணன் நாலு பக்கமும் பார்த்துவிட்டுத் தார்ப்பாயைத் தூக்கினார். பின்கண்ணாடி இருந்த இடத்தில் ஓட்டை. கண்ணாடி கற்கண்டுத் தூளாகி எஞ்சின் மேலெல்லாம் சிதறிக் கிடந்தது.

"எப்படி ஒடஞ்ச?"

"அது ஒங்களுக்கு எதுக்கு நானா? நீங்க கண்ணாடிய மாட்டுங்க."

"கத தெரியாம நான் கை வைக்கமாட்டன் மொதலாளி. வயித்து வலிக்கு மருந்து தாங்க, ஆனா வயித்தக் காட்டமாட்டேன்டு டொக்டர்ட்டச் சொல்லுவீங்களா?"

இராமகிருஷ்ணன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"காரு வாங்கின அன்னைக்குக் கோயிலுக்குக் கொண்டுபோய் பூச வச்சோம். ஐயர் முன்னால சந்தனம் பூசி, முன்னால சூடம் காட்டி, முன்னால தேங்கா ஒடச்சாரு. நல்லா நடந்துச்சு. ஆனா பொறகுதான் எனக்கு ஒறச்சது. இந்தக் காருக்கு முன்னால என்ன இருக்கு?"

"என்ன ஈக்கி?"

"ஒண்ணும் இல்ல. வெறும் பொட்டி! பயணப்பை வைக்கிற எடம். எஞ்சின் பின்னால. அப்போ நாங்க பூச வச்சது யாருக்கு? காலிப் பொட்டிக்கு. எஞ்சினுக்கு ஒரு சொட்டுத் தீர்த்தம் விழல. அதான் நேத்து வெள்ளனக் குளிச்சுட்டு, நானே பின்னால நின்னு, தேங்கா மேல சூடத்தக் கொளுத்தி மூணு சுத்துச் சுத்தினேன். ரெண்டாவது சுத்துல காத்தடிச்சுக் கட்டவெரல சுட்டுருச்சு. கைய ஒதறினேன்."

"தேங்கா?"

இராமகிருஷ்ணன் சுட்ட கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் ஓட்டையைக் காட்டினார்.

இன்ஷாப் நானா முகத்தைத் திருப்பி, தோளில் கிடந்த துணியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. முப்பது வருஷத்துக் கடையில் இப்படி ஒரு கதை வந்ததில்லை. இதை வைத்துக்கொண்டு பெருநாள்வரை சாப்பிடலாம்.

"சிரிங்க நானா, சிரிங்க. ஆனா இந்தக் கத இந்தக் கேற்றத் தாண்டக்கூடாது."

"ஏன் மொதலாளி?"

காரணம் ஜெயராணி. இராமகிருஷ்ணனின் மனைவி. தங்கையின் பிரசவத்துக்கு மாத்தளை போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவார். கார் வாங்குவதில் ஆரம்பத்திலிருந்தே அவருக்கு விருப்பமில்லை. சகுனம் பார்ப்பதிலோ அவரை மிஞ்ச ஆளில்லை. முன்பு ஒரு புது லொறிக்கு உடைத்த தேங்காய் உள்ளே அழுகியிருந்தது என்பதற்காக, மறுகிழமையே அந்த லொறியை விற்கவைத்தவர்.

"அழுகின தேங்காய்க்கே லொறி போச்சு. திருஷ்டி கழிக்கிற தேங்காயே கண்ணாடிய ஒடச்சுதுன்னு தெரிஞ்சா, இந்தக் காரு வீட்டுல ஒரு ராத்திரி நிக்குமா? கொழும்பு ஏஜெண்டுகிட்டக் கேட்டேன், கண்ணாடி இத்தாலியிலருந்து வர மாசக்கணக்காகுமாம். அவ வர்றதுக்குள்ள ஏதாச்சும் ஒரு கண்ணாடி இருக்கணும். நீங்க வாயத் தொறக்கக்கூடாது. என்ன வேணும், கேளுங்க."

இன்ஷாப் நானா காரைச் சுற்றி வந்தார். மச்சானின் ஏசிக் கடை கண் முன்னால் வந்து போனது.

"வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சி, இந்தக் கார் என்ட கடைக்கு முன்னால ஒரு அரை மணித்தியாலம் நிக்கோணும். வேற ஒண்டும் வேணாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பின்பக்கம் ரோட்டப் பாத்த மாதிரி."

"சரி. ஆனா தேங்காக் கத வெளிய போச்சுன்னா காரு கட்டுகஸ்தோட்டைப் பக்கமே வராது."

இன்ஷாப் நானா கையடித்துக் கொடுத்தார். கொடுக்கும்போதே நாக்கு ஊறியது.

வேலை என்று பார்த்தால், அவ்வளவு விலையான வண்டியின் பின்கண்ணாடி ஒரு வளைவும் இல்லாமல் தட்டையாக, கொஞ்சம் சாய்ந்தபடி இருக்கிற சின்னச் சதுரம்தான். தார்ப்பாய்க்குள் புகுந்து பிரஷ்ஷாலும், ஜெயராணியின் தூசி உறிஞ்சும் மெஷினாலும் எஞ்சின் இடுக்கிலிருந்த துண்டையெல்லாம் எடுத்தார். மட்டை வெட்டி அளவு எடுத்தார். மறுநாள் கடையிலிருந்து ஒரு ஆட்டோ முன்கண்ணாடியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி. இரண்டு பக்கமும் கீறி, தட்டி, கீறலில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தினால் நடுத்தாள் இளகும், பிளேடால் அறுக்கலாம். ஓரத்தைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கறுப்புப் பசை வைத்து அழுத்தியதும், பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்ததுபோல உட்கார்ந்துவிட்டது.

இராமகிருஷ்ணன் மலைத்துப்போனார். "எந்தக் கண்ணாடி நானா இது?"

"நல்ல கண்ணாடி மொதலாளி" என்றார் இன்ஷாப் நானா. அவர் அப்படி ஒற்றை வரியில் பதில் சொன்னது அதுவே முதல் தடவை. மௌன விரதம் தொடங்கியிருந்தது.

வாயை மூடுவது இவ்வளவு பெரிய வேலை என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கடைக்கு வந்ததும் ஆட்டோக்காரர் பிரதீஸ் கேட்டார்.

"என்ன நானா, அம்பிட்டியவுக்குக் கண்ணாடி தூக்கிட்டுப் போனீங்களாம். சிவப்புக்கு என்ன ஆச்சு?"

"மழ வரும் போல ஈக்கி."

"நான் மழயக் கேக்கல நானா."

"ஆத்துல தண்ணியும் கூடத்தான்."

பிரதீஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வத்தேகம பஸ் சாரதி கணேஸ் பஸ்ஸை நிறுத்தியே கேட்டார்; அவருக்கும் மழைதான் கிடைத்தது. பின்னேரம் முஹ்ஸின் வேலை மெனக்கெட்டு ஆற்றைத் தாண்டி வந்தார்.

"மச்சான், இராமகிருஷ்ணன்ட கார்ல ஒங்களுக்கு என்ன வேல? சீட்டுக்கு உறை தைச்சீங்களா?"

இன்ஷாப் நானாவின் வாய் திறந்தது. திறந்த வாயில் ஒரு கோப்பை பிளேன்ரீயை ஊற்றி மூடினார்.

வீட்டில் ஹபீலா பயந்தே போனாள். சாப்பாட்டு மேசையில் மனிதர் ஒரு கதையும் சொல்லாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தால் எந்த மனைவிக்குத்தான் பயம் வராது? கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, நெஞ்சுல ஏதும் செய்யிதா?"

"செய்யிதுதான். ஆனா சொல்ல ஏலாது."

அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. ஹபீலா தம்பிக்குப் போன் எடுத்தாள். முஹ்ஸின் யாருக்கோ சொன்னார். அந்த யாரோ பஸ்ஸில் ஏறினார்.

இன்ஷாப் நானா கதை சொல்லியிருந்தால் ஊர் ஒரு நாள் சிரித்துவிட்டு விட்டிருக்கும். அவர் சொல்லாததுதான் வினையாகிவிட்டது. இன்ஷாப் வாயாலேயே சொல்ல முடியாத கதை என்றால், அது எப்பேர்ப்பட்ட கதையாக இருக்கவேண்டும்! புதன்கிழமை ராத்திரியே அந்தச் சிவப்பு ஒரு மாட்டை அடித்திருந்தது. விடிவதற்குள் அது மாடு இல்லை, மனிதர். வியாழக்கிழமை காலையில் மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் காருக்குள் இராமகிருஷ்ணனோடு ஒரு பெண் இருந்தாள். பத்து மணிக்கு அவளுக்குச் சுருட்டை முடி வந்தது. பதினொரு மணிக்கு அவளே கோபத்தில் செருப்பால் பின்கண்ணாடியை உடைத்தாள். மத்தியானம் அந்தக் கதை மாத்தளை பஸ்ஸைப் பிடித்தது.

பின்னேரம் மாத்தளையிலிருந்து வந்த பஸ் கடைக்கு முன்னால் வேகம் குறைத்தது. இன்ஷாப் நானா வழக்கம்போலக் கையைத் தூக்கினார். பஸ் நின்றேவிட்டது. கையில் பையோடு ஜெயராணி இறங்கினார். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"நீங்கதானே இன்ஷாப் நானா?"

"ஓ... ஓம்மா."

"யாரு அவ?"

"எவ?"

"சுருட்ட முடிக்காரி."

அப்போதுதான் ஊரில் ஓடிக்கொண்டிருந்த கதையே இன்ஷாப் நானாவுக்குத் தெரியவந்தது. அவர் வாயை மூடியிருந்ததால் யாரும் அவரிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை.

"மழ..." என்று தொடங்கினார்.

"மழயப் பத்திப் பேசினீங்கன்னா இந்தக் கடையில ஒரு கண்ணாடி மிஞ்சாது" என்றார் ஜெயராணி. குரல் உயரவில்லை. கண்தான் நிறைந்துவிட்டது. "இருவத்தாறு வருஷம் நானா. ஆணி நிறுத்துக் குடுத்த காலத்துலருந்து பக்கத்துல நின்னிருக்கேன். இப்போ ரெண்டு பேரு ஒக்கார்ற காரு வாங்கினப்பவே எனக்குத் தெரியும், ஒரு சீட்டு எனக்கில்லன்னு."

இன்ஷாப் நானா ரோட்டைப் பார்த்தார். நாளைக்கு அந்த இடத்தில், பின்பக்கம் ரோட்டைப் பார்த்தபடி நிற்கப்போகிற சிவப்பைப் பார்த்தார். அதைச் சுற்றி நிற்கப்போகிற கூட்டத்தையும், கூட்டத்தின் முன்வரிசையில் முஹ்ஸினையும் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து, துடைத்து, ஜெயராணிக்கு முன்னால் போட்டார்.

"இரிங்கம்மா. அது பொம்பள இல்ல. தேங்கா."

"என்ன?"

"தேங்காம்மா! தேங்கா!"

மூன்று நாள் அடைத்துவைத்திருந்த மடை. காலிப் பெட்டிக்கு நடந்த பூசையில் தொடங்கி, காலையில் குளித்தது, சூடம் கொளுத்தியது, முதல் சுற்று, இரண்டாவது சுற்று, காற்று, கட்டைவிரல் எல்லாம் நடித்தே காட்டினார். தேங்காய் விழுகிற இடத்தில் ஒரு வெற்றுப் பெயின்ற் டின்னைத் தரையில் போட்டும் காட்டினார்.

ஜெயராணி இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "காலிப் பொட்டிக்குப் பூச வச்சோம்னு அவரே சொன்னாரா?"

"அவரேதான்."

"கட்டவெரல வாயில வச்சுக்கிட்டுச் சொன்னாரா?"

"வாயிலருந்து எடுக்கவே இல்ல."

"அப்போ நெசந்தான்" என்றார் ஜெயராணி. முந்தானையால் கண்ணைத் துடைக்கப் போனவர், பாதியில் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"ஆனா சகுனம்..." என்று இன்ஷாப் நானா தயங்கினார்.

"என்ன சகுனம்? வந்த திருஷ்டியெல்லாம் கண்ணாடியோட போச்சு. சுருட்ட முடிக்காரியவிட இது எவ்வளவோ நல்ல சகுனம். காரு இருக்கட்டும்."

"இருக்கும்மா. ஆனா என்ட கடைக்கு வராது. கத வெளிய போனா வராதெண்டு மொதலாளி சொன்ன."

ஜெயராணி பையைத் தூக்கினார். "அவரு சொன்னது அவரு சொன்னது. நாளைக்கு வரும். நானும் வருவேன்."

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஜனம் ரோட்டுக்கு வரவும், பாலத்தடியிலிருந்து உறுமல் கேட்கவும் சரியாக இருந்தது. சிவப்பு வந்து, குழியில் வயிறு தேய்த்து, கடைக்கு முன்னால் நின்றது. ஓட்டுகிற சீட்டில் வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு இராமகிருஷ்ணன். பக்கத்துச் சீட்டில் காரின் நிறத்திலேயே பட்டுச்சேலை கட்டிய ஜெயராணி.

கூட்டம் மொய்த்தது. இன்ஷாப் நானா வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பின்கண்ணாடியின் பக்கத்தில் போய் நின்றார். ஆனால் ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. எல்லோரும் பக்கத்துச் சீட்டையே எட்டிப் பார்த்தார்கள். சீட்டுக்கடியில் ஒரு செருப்பு கிடக்கிறதா என்றுகூட ஒருவர் குனிந்து பார்த்தார்.

"கண்ணாடி இங்க ஈக்கி! இங்க பாருங்க!" என்று கத்தினார் இன்ஷாப் நானா.

ஜெயராணி யன்னலை இறக்கினார். "நல்லாப் பாத்துக்கிடுங்க. காருல இருந்த பொம்பள நான்தான். முடி சுருட்டயான்னும் பாத்துக்கிடுங்க. ஒடச்சது இந்தா, இவரு. தேங்காயால. மிச்சத்த இன்ஷாப் நானாட்டக் கேளுங்க."

கூட்டம் அப்படியே திரும்பியது. "தேங்காயா? எப்படி நானா?" என்றார் கணேஸ், நடுரோட்டில் நிறுத்திய பஸ்ஸின் யன்னலால் இடுப்புவரை வெளியே வந்து.

ஒரு மனிதருக்கு இதைவிட என்ன வேண்டும்? இன்ஷாப் நானா காருக்கு முதுகைக் காட்டி, கூட்டத்துக்கு முகத்தைக் காட்டி, ஆரம்பித்தார். கை இரண்டையும் விரித்துக் காரின் அகலம் காட்டினார். வானத்தைப் பார்த்துத் தேங்காய் சுற்றினார். விரலை உதறினார். சிரிப்பு பாலம்வரை கேட்டது. பின்னால் ஏதோ பெரிதாக உறுமியது. தனியார் பஸ் ஒன்று முந்துகிறது என்று நினைத்துக் குரலை இன்னும் உயர்த்தினார். அரை மணித்தியாலம் என்பது இராமகிருஷ்ணனுக்கு அரை மணித்தியாலம்தான். அவமானத்தில் அது இன்னும் சுருங்கியிருந்தது.

"அப்படி ஒடஞ்ச கண்ணாடிக்குப் பதிலாத்தான் நான் மாட்டின, இந்தா, இந்தக் கண்ணாடிய..."

திரும்பி விரலை நீட்டினார். விரல் முடிகிற இடத்தில், கீறல் விழுந்த முன்கண்ணாடியோடு ஒரு ஆட்டோ நின்றுகொண்டிருந்தது.

அந்த நேரம்தான் முஹ்ஸின் மூச்சிரைக்க வந்தார். பாலத்தில் வாகன நெரிசலாம். சிவப்பைப் பார்க்க நின்றவர்களால் வந்த நெரிசல்.

"எங்க மச்சான் கார்?"

"இப்பத்தான் போன! இவங்கள்ட்டக் கேளுங்க. எல்லாரும் கண்ணாடியப் பாத்தீங்கதானே?"

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. "நாங்க நீங்க சொன்ன கதயில்லையா நானா கேட்டுக்கிட்டு நின்னோம்" என்றார் பிரதீஸ் மெதுவாக. "ஆனா போட்டோ எடுத்திருக்கேன். நெறைய எடுத்திருக்கேன்."

முஹ்ஸின் போனை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளினார். இந்த ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு, அந்த ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. நடுவில், பின்கண்ணாடி இருக்கவேண்டிய இடமெல்லாம், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு இன்ஷாப் நானா. ஒரு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார்.

"கார எங்க மச்சான் காணோம்?" என்றார். "ஒங்கட வாய் மட்டுந்தான் ஈக்கி."